மாமி வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காகக் கட்டிய சைக்கிள்

போன கிழமை எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் ஒரு படம் போட்டிருந்தான். ஏதோ வெளிநாட்டுத் தெருவில் ஒரு ஆள் சைக்கிளுக்கு மேல் சைக்கிளை ஒட்டி, கூரை உயரத்தில் இருந்துகொண்டு ஓட்டுகிறான். அதற்குக் கீழே நீங்கள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். 'உன்ர கொப்பர் உந்தச் சைக்கிளை அப்பவே செய்திட்டாரெல்லோ.' 'விஞ்ஞானி.' 'மகளைப் படிப்பிக்க மனிசன் பட்ட பாடு.' ஒருத்தி அழுகிற முகமும் போட்டிருந்தாள்.

நான் பதில் எழுதவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன். திரும்பி வந்த பிறகும் கோபம் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அந்தச் சைக்கிளைக் கரையில் நின்று பார்த்துச் சிரித்தவர்கள். நான் அதன் மேலே இருந்தவள். இப்போது எனக்கும் ஐம்பதை எட்டப்போகிறது, முழங்காலும் மடங்குவதில்லை. இனியும் மரியாதைக்காகப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஏலாது.

சின்ன வயதிலேயே இடம்பெயர்ந்து போனவர்களுக்கு மறந்திருக்கும், ஆகவே இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியேற்றம் தர்மபுரத்திலிருந்து உள்ளே. பள்ளிக்கூடம் அக்கரையில். நடுவில் தாம்போதி. பாலம் கட்டாமல், ஆற்றின் அடியிலேயே சீமெந்து போட்டு றோட்டை இறக்கி ஏற்றிவிடுவார்களே, அது. கோடையில் அதில் ஆடுகள் படுத்துக் கிடக்கும். மாரியில் குளம் நிரம்பி வான்பாய்ந்தால் அதற்கு மேலால் தண்ணீர் ஓடும். நாற்பது யார் அகலம் இருக்கும். றோட்டின் விளிம்பு தெரிவதற்காக இரண்டு பக்கமும் வெள்ளை பூசிய சீமெந்துக் கட்டைகள் நட்டிருந்தார்கள். தண்ணீர் வந்தால் அவற்றின் தலை மட்டும் தெரியும்.

முந்திய வருடங்களில் உழவு இயந்திரப் பெட்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். சண்டைத் தடை வந்து, நான் சொல்கிற வருடமும் அதற்கு முந்திய வருடமும் டீசல் உள்ளே வரவில்லை. பற்றரி வரவில்லை, சவர்க்காரம்கூடச் சரியாக வரவில்லை. உழவு இயந்திரம் கொட்டிலுக்குள் நின்றது, அதற்குள் கோழி அடை கிடந்தது. ஆம்பிளைகள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனார்கள். பெடியள் காற்சட்டையோடு போனார்கள். பெட்டையள் போகக்கூடாது. தண்ணி இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஒல்லியான பெடியனை இழுக்காத தண்ணீர் பெட்டையை மட்டும் எப்படி இழுக்கும் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. நம்பினேன்.

அக்காவுக்குப் பதினேழு. அதற்கு முந்திய மார்கழியில் சாதாரணதரச் சோதினைக்குப் போய், எல்லாப் பாடமும் எழுதினாள், கணக்கைத் தவிர. கணக்குச் சோதினை அன்று தாம்போதியில் தண்ணீர். அப்பா அவளைக் கரையோடு திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாப் பாடத்திலும் அவளுக்குத் திறமான பாடம் கணக்குத்தான். எங்கள் வீட்டு நெல்மூட்டைத் தட்டிமறைப்பில் கரித்துண்டால் கணக்குச் செய்துகொண்டிருப்பாள். அம்மா அழிக்க அழிக்க எழுதுவாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். அதற்குக் கணக்கில் 'சி' வேண்டும். சும்மா பாஸ் காணாது.

இரண்டாம் தரம் எழுத விட்டதே பெரிய விசயம் என்பது போல அப்பா சொன்னார்: "இந்தமுறையோட சரி. பிறகு வீட்டில இருக்கட்டும்."

இனி மாமி. அப்பாவுக்கு மூத்த சகோதரி. அவவின் வீடு அக்கரையில், பள்ளிக்கூட வேலியோடு ஒட்டியபடி. பள்ளிக்கூட மணி அடித்தால் மாமி வீட்டுக் கோழி பதறி எழும்பும், அவ்வளவு கிட்ட. சோதினை நடக்கிற இரண்டு கிழமையும் அக்கா அங்கே தங்கியிருந்தால் கதை முடிந்தது. நான் இதை எழுதவும் தேவையில்லை, நீங்கள் விஞ்ஞானி என்று எழுதவும் தேவையில்லை.

ஆனால் மாமி வீட்டோடு எங்களுக்குப் பேச்சில்லை. மூன்று வருடமாக இல்லை. அக்கா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டில் முதல் தண்ணீர் வார்க்க வேண்டியவ மாமி. அதுவும் ஒரு மாரிகாலம். நல்லநேரம் வந்தது, மாமி வரவில்லை. அப்பா கொஞ்சம் பார்த்தார், பிறகு பக்கத்து வீட்டு மனிசியைக் கூப்பிட்டு வார்க்கச் சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்து சோறு போடும் நேரம் மாமி வந்து படலையடியில் நின்றா. நடந்ததைக் கேட்டா. கொண்டுவந்த தட்டத்தை அப்படியே திருப்பிக் கொண்டு போய்விட்டா. "வேணுமெண்டு பிந்தி வந்து சபையில என்னை அவமானப்படுத்தினவ" என்று அப்பா சொன்னார். மூன்று வருடமும் அதையே சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு பின்னேரம் அம்மா பேச்சை எடுத்தா.

"இஞ்சருங்கோ, சோதினை நாளுக்கு மட்டும் பிள்ளையை மச்சாள் வீட்டில விடுவமே?"

"அந்த வீட்டு முத்தத்தில என்ர பிள்ளையின்ர கால் படாது."

"அப்ப பிள்ளை என்ன, பறந்தே போறது?"

நான் குசினி வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண் எரிச்சலில் சொன்னேன்: "சைக்கிளுக்கு மேல சைக்கிளை வைச்சுப் போகட்டும். கால் நனையாது."

"வாயை மூடு" என்றா அம்மா.

அப்பா வாயை மூடச் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய்ச் சைக்கிளின் சீற்று உயரத்தைச் சாணால் அளந்தார்.

யோசனை என்னுடையது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னது நக்கல். ஒரு பன்னிரண்டு வயதுப் பெட்டையின் நக்கலை ஒரு வளர்ந்த மனிசன் பிடித்துக்கொண்டு கொல்லனிடம் ஓடினால் அது யாருடைய பிழை? மாமியுடன் ஒரு வார்த்தை கதைப்பதற்குப் பதிலாக அவர் ஏழடிச் சைக்கிள் கட்டத் தயாராக இருந்தார்.

கீழே வைக்க எங்கள் வீட்டுச் சைக்கிளே இருந்தது. மேலே வைக்க இன்னொரு பிறேம் வேண்டும். சந்தியில் பழைய இரும்பும் சைக்கிள் சாமானும் விற்ற காக்காவின் கடை பூட்டிக் கிடந்தது. அதற்கு முந்திய வருடம் முஸ்லிம் ஆட்களை எல்லாம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அவர் குடும்பத்தோடு கையில் பிடித்ததை மட்டும் கொண்டு போனவர். கடையின் பின்பக்கத்தில் பிறேம்கள் மழையில் குவிந்து கிடந்தன. அப்பா போய் நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்து வந்தார்.

"ஆற்ற சாமானப்பா?" என்று அக்கா கேட்டாள்.

"அவர் திரும்பி வந்தாக் குடுப்பம்."

அவர் திரும்பி வந்தார், கனகாலத்துக்குப் பிறகு, நரைத்துப்போய். கொடுக்கப் பிறேம் இருக்கவில்லை. மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அதையும் ஒருவரும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

கொல்லர் எங்கள் வாய்க்கால் முடிவில் இருந்தார். மண்வெட்டியும் கத்தியும் அடிக்கிறவர். கரண்டும் இல்லை, காஸும் இல்லை, வெல்டிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. கரியடுப்பில் வைத்துப் பித்தளை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். பித்தளைக்கு எங்கே போவது? வெற்றுத் தோட்டாக் கோது. அது எங்கள் ஊரில் பற்றைக்குள் தாராளமாகக் கிடந்தது. நானும் அக்காவும் ஒரு பால்மாப் பேணி நிறையப் பொறுக்கிக் கொடுத்தோம். துருத்தியை நான்தான் ஊதினேன். வெண்காரத்தைத் தூவியதும் பித்தளை பச்சை நெருப்போடு இளகி, இரண்டு குழாயும் சந்திக்கிற இடுக்கில் தேன் மாதிரி ஓடிப் போய் நிற்கும். அந்த மணம் இப்போதும் மூக்கில் வருகிறது, தொண்டை கரிக்கிற மணம்.

மேல் பிறேமின் பெடல் குத்தி கீழ்ச் சீற்று இருந்த இடத்தில் உட்கார்ந்தது. பின்கால்களைக் கீழ்ப் பிறேமோடு ஆணி போட்டு முறுக்கினார்கள். கான்டிலைத் திருப்புவதற்கு ஒரு தண்ணீர்க் குழாயை வெட்டிக் கீழே இருந்து மேலே வரை விட்டார்கள். ஒரு செயின் எட்டாது. மூன்று பழைய செயின்களை வெட்டிப் பொருத்தினார்கள். அது கயிற்றுக்கொடி மாதிரித் தொங்கியது.

"அண்ணை, நான் ஒட்டித் தாறன். ஆனா இந்தச் செயின் நடுவழியில கழரும். சொல்லிப்போட்டன்" என்றார் கொல்லர்.

"கழராது. இழுத்து விட்டாச் சரி."

"உதில ஏறினாச் சந்திரனிலயும் இறங்கலாம். திரும்பி இந்த மண்ணில இறங்கிறதுதான் என்னண்டு எண்டு தெரியேல்ல."

"உமக்கு விளங்காது."

"எனக்கு விளங்காததுதான். அக்கரையில சொந்த அக்கா இருக்க, ஆகாயத்தால போற வழி எனக்கு என்னண்டு விளங்கும்?"

அப்பா இரண்டு நாள் கொல்லரோடும் கதைக்கவில்லை. ஒட்டு பாதியில் நின்றது. அம்மா ஒரு சுண்டு தயிரோடு போய்ச் சமாளித்துவிட்டு வந்தா.

ஒரு விசயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமில்லாதவள் ஆவேன். அக்காவின் வெள்ளைச் சட்டையில் கிறீஸ் படக்கூடாது என்று அப்பா பழைய ரியூபை வெட்டி மேல்பார் முழுக்கச் சுற்றினார். குழாயின் வெட்டுவாய் எல்லாவற்றையும் அரத்தால் அரைநாள் இருந்து ராவினார், சட்டை கிழியாமல் இருக்க. அந்தக் கைகள் அதை அவ்வளவு பொறுமையாகச் செய்தன. அதே மனிசன்தான் நாற்பது யார் தள்ளி இருக்கிறவவிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்றார். உங்களுக்கு இது பாசமாகத் தெரிகிறது. எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வருகிறது.

வெள்ளோட்டத்துக்கு ஊர் திரண்டது. நீங்களும் அங்கே நின்றீர்கள். பூவரச மரத்தில் சாய்த்து வைத்து, கிளையைப் பிடித்து ஏறி, மேலே இருந்ததும் தள்ளிவிட வேண்டும். ஓடத் தொடங்கினால் நன்றாக ஓடும். நிற்பாட்ட வேண்டுமென்றால் எதையாவது பிடிக்க வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் விழ வேண்டியதுதான். காவல் பரண் மாதிரி இருக்கிறது என்று அதற்குப் 'பரண்' என்றே பேர் வைத்தீர்கள்.

"அண்ணை, வயலுக்க பண்டி வந்தா அங்கயிருந்து சத்தம் போடுங்கோ!"

"பொம்மர் வந்தாக் கெதியா இறங்குங்கோ. மேலயிருந்து பாத்தா அன்ரனா எண்டு குண்டு போடுவான்!"

அப்பாவுக்கு அதை ஓட்ட வந்தது. எனக்கும் வந்தது, பாரமில்லாத உடம்பு. அக்கா ஓட்டமாட்டேன் என்றாள். "நான் பின்னால கரியரில இருக்கிறன், அப்பா ஓடட்டும். நான் ஓட மாட்டன்" என்று அவ்வளவோடு நிற்பாட்டிவிட்டுப் போய்க் கணக்கு செய்தாள்.

கார்த்திகை போனது. மார்கழியில் சோதினை தொடங்கியது. முதல் நாலு பாடத்துக்கும் தாம்போதியில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. அக்கா சாதாரணமாக நடந்து போய் எழுதிவிட்டு வந்தாள். எந்தத் தகப்பனும் சந்தோசப்பட வேண்டிய நேரம். எங்கள் அப்பா முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். "மழை ஏமாத்திப்போடும் போல கிடக்கு" என்றார். நெல்லுக்குச் சொல்லவில்லை. சைக்கிளுக்குச் சொன்னார். அம்மா கையிலிருந்த அகப்பையை நிலத்தில் எறிந்தா. அம்மா ஏதும் எறிந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு மழை வந்தது. கணக்குச் சோதினைக்கு இரண்டு நாள் முன்னம் குளம் வான்பாய்ந்தது. அப்பா குளக்கட்டில் பரணை ஒரு தரம் ஓடிப் பார்க்கப் போனார். சாதாரணச் சைக்கிளில் போகிற ஆளுக்கு மருதமரத்துக் கிளை தலைக்கு மேலே மூன்று முழம். பரணில் போகிற ஆளுக்கு நெற்றியில். விழுந்ததில் இடக்கை மணிக்கட்டு முறிந்தது. முறிவு வைத்தியர் பத்துப் போட்டு மட்டை வைத்துக் கட்டிவிட்டார். சைக்கிளுக்கு ஒரு கீறல் இல்லை.

"இப்ப என்ன செய்யிறது?" என்று அம்மா கேட்டா. அவவின் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது என்று நினைக்கிறேன்.

"சின்னவள் ஓடட்டும். பெரியவள் பின்னால இருக்கட்டும்."

கணக்குச் சோதினை அன்று காலை ஏழரைக்குக் கரையில் நின்றோம். எட்டரைக்குச் சோதினை. ஒன்பதுக்குப் பிறகு வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். தண்ணீர் மண் நிறத்தில், கட்டைகளின் தலைக்கு நாலு விரல் கீழே போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பெடியள் மூன்று பேர், அக்காவோடு சோதினை எழுதுகிறவர்கள், சேர்ட்டைக் கழற்றித் தலையில் சுற்றிக்கொண்டு இறங்கிச் சிரித்துச் சிரித்து அக்கரைக்குப் போய்விட்டார்கள். அக்கா கொம்பாஸ் பெட்டியும் அனுமதி அட்டையும் நெஞ்சோடு பிடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏறு" என்றார் அப்பா.

"நான் ஏறமாட்டன்."

"ஏறடி. நேரம் போகுது."

"இவள் மூண்டு முழப் பெட்டை. என்னையும் வைச்சு இந்தத் தண்ணிக்குள்ளால ஓடுவாளே? நான் விழுந்தா இண்டைக்கும் சோதினை போச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ தனிய ஒருக்கா போயிட்டு வந்து காட்டு. அப்ப நம்புவள்."

போனேன். சொன்னால் செய்கிற வயது. மேலே இருந்து பார்த்தால் தண்ணீர் ஓடவில்லை, நான்தான் பக்கவாட்டில் போவது போல இருந்தது. நடுப்பகுதி வரை நன்றாகத்தான் போனேன். அங்கே கொல்லர் சொன்னபடி செயின் கழன்றது. பெடல் சும்மா சுற்றியது. பக்கத்தில் இருந்த வெள்ளைக் கட்டையை நோக்கிச் சைக்கிளைச் சாய்த்து, ஒரு கால் நுனியை அதன் தலையில் ஊன்றி, அப்படியே நின்றேன். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. காலை எடுத்தால் விழுவேன்.

அப்போதுதான் அக்கரையில் மாமி வந்தா. சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். தோளில் ஒரு சீலை மடித்துப் போட்டிருந்தா.

"பிள்ளை!" என்று என்னைக் கூப்பிட்டா. "கொக்காவை, பெரியவளை, இறங்கி வரச்சொல்லு. நான் சீலையோட நிக்கிறன். நனைஞ்சா மாத்தலாம் எண்டு கொப்பரிட்டச் சொல்லு."

அவ சொன்னது அப்பாவுக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் பேச்சில்லாதவர்கள் நேரே கேட்கக்கூடாது. அப்பா என்னைப் பார்த்தார். நான் திரும்பிச் சொன்னேன்: "சீலை கொண்டந்திருக்கிறாவாம்."

"உங்கட சீலை எங்களுக்குத் தேவையில்லை எண்டு சொல்லு."

"சீலை தேவையில்லையாம், மாமி."

"பிள்ளையின்ர படிப்பு தேவையோ எண்டு கேள்."

"படிப்பு தேவையோ எண்டு கேக்கிறா."

"என்ர பிள்ளையின்ர படிப்பை நான் பாப்பன் எண்டு சொல்லு. நாள் பாத்துச் சபைக்குப் பிந்தி வாறவை எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை எண்டு சொல்லு."

இதை எல்லாம் நான் ஏழடி உயரத்தில், ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னேன். இரண்டு கரையிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் "சரியாச் சொல்லு பிள்ளை, வசனத்தை விழுங்காதை" என்றான். பள்ளிக்கூட மணி அடித்தது. எட்டரை. இருவரும் நிற்பாட்டவில்லை. தண்ணீர் வார்த்த மனிசி யார், என்ன முறை, தட்டத்தில் என்ன வந்தது, யார் யாரிடம் முதலில் முகத்தைத் திருப்பியது என்று மூன்று வருடக் கதையும் என் வாயால் போய் வந்தது.

"ஏன் பிந்தினவ எண்டு கேள்!" என்றார் அப்பா. "மூண்டு வருசமாக் கேக்கிறன், ஏன் பிந்தினவ எண்டு கேள்!"

நான் கேட்பதற்கு முன்னமே மாமி கத்தினா. "ஏன் பிந்தினதோ? இந்தத் தாம்போதியால இடுப்பு மட்டும் நனைஞ்சு வந்தனான் எண்டு சொல்லு! கூறைச்சீலையோட வந்தனான் எண்டு சொல்லு! ஈரத்தோட சபைக்கு வரக்கூடாதெண்டு, உங்கட கரையில ஆரின்ரயோ வீட்டில நிண்டு காயவிட்டு வந்தனான் எண்டு சொல்லு! அதுக்கிடையில என்ர உரிமையை ஆருக்கோ குடுத்திட்டு நிண்ட ஆளெல்லோ!"

நான் மாமியையே பார்த்தேன். மாமி பெரிய ஆளில்லை. அக்காவிலும் கட்டை. அவ நடந்து வந்திருக்கிறா, இதே தண்ணீரால், மாரியில். அவவை ஒன்றும் இழுத்துக்கொண்டு போகவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றினாள். அனுமதி அட்டையைக் கொம்பாஸ் பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியைத் தலையில் வைத்துப் பிடித்தாள். இறங்கினாள்.

"எங்க போறாய்? நில்லு!" என்றார் அப்பா. அக்கா திரும்பவில்லை. முழங்கால், தொடை, இடுப்பு. இடுப்போடு நின்றுவிட்டது. ஆழம் அவ்வளவுதான்.

"சின்னவள்! அவளைத் திரும்பி வரச்சொல்லு! அவளுக்குச் சொல்லு!"

அக்கா என் சைக்கிளுக்குக் கிட்டே வந்துவிட்டாள். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இரண்டு கரையும் பார்த்தது. பார்க்கட்டும். மேலே நிமிர்ந்து செருப்பை நீட்டி, "பிடி" என்றாள். பிடித்தேன். அப்பா சொன்னதை அவளுக்குச் சொல்லவில்லை. அன்று காலையில் நான் கொண்டு போகாமல் விட்ட ஒரே சொல் அதுதான்.

அப்பா தண்ணீருக்குள் காலை வைத்தார். அம்மா பின்னால் வந்து அவருடைய சேர்ட்டைப் பிடித்தா. "காணும். விடுங்கோ" என்றா. அவர் நின்றார்.

மாமி அக்கரையில் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி வந்து அக்காவைச் சீலையால் சுற்றினா. இருவரும் ஓடினார்கள். ஒன்பது மணி அடிக்கவில்லை, ஆனால் அதற்கு அதிக நேரமும் இருக்கவில்லை. அக்கா ஈரச்சட்டைக்கு மேல் மாமியின் சீலையைச் சுற்றிக்கொண்டு போய் எழுதினாள்.

என்னை யாரோ தூக்கி இறக்கினார்கள். சைக்கிள் கட்டைக்கு அந்தப்பக்கம் சரிந்து தண்ணீரோடு போனது. ஒரு மாதம் கழித்து வாய்க்காலுக்குள் கண்டெடுத்தார்கள், ஒட்டு மூன்று இடத்தில் விட்டிருந்தது.

மிச்சச் சோதினை நாட்களுக்கு அக்கா மாமி வீட்டிலேயே நின்றாள். அப்பா அதைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அந்தச் சம்பவத்தை மட்டும் பிறகு வேறு மாதிரிக் கதைத்தார். "சைக்கிளை நடுவில விட்டு ஆழம் பாத்துத்தான் பிள்ளையை இறக்கினனான்" என்று கலியாண வீடுகளில், சங்கக்கடை வாசலில், இடம்பெயர்ந்து இருந்த கொட்டில்களில் எல்லாம் சொன்னார். நீங்கள் கேட்டது அந்தக் கதை.

சித்திரையில் முடிவு வந்தது. கணக்கு 'எஸ்'. சாதாரண பாஸ். அப்பாவுக்கு பாஸ் என்றால் பாஸ்தான். ஒரு சரை கற்கண்டு வாங்கி வந்து வாய்க்கால் நெடுகக் கொடுத்தார்.

அக்கா கிணற்றடியில் நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"முதல் பேப்பரில கடைசி ரண்டு கணக்கும் விட்டனான்" என்றாள். "ரண்டும் தெரிஞ்ச கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். அரை மணித்தியாலம் காணேல்ல."

"அப்பாட்டச் சொல்லட்டே?"

"வேண்டாம்."

"அந்த அரை மணித்தியாலமும் அவையள் ரண்டு பேரும்..."

"எனக்குத் தெரியும். நான் கரையில நிண்டு கேட்டுக்கொண்டுதானே நிண்டனான். முதலே இறங்கியிருக்கலாம். இறங்கலாமெண்டு எனக்குத் தெரியாது."

இப்போது அவள் பூநகரியில் சமயபாடம் படிப்பிக்கிறாள். நல்ல ரீச்சர் என்கிறார்கள். இருக்கட்டும்.

அன்று நாங்கள் கிணற்றடியில் நிற்க, அப்பா கற்கண்டுச் சரையோடு பின்பக்கம் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் இன்னும் கட்டுப்போட்ட தழும்பு இருந்தது.

"பிள்ளை, இனிக் கணக்குப் பிரிவில சேரலாம்தானே?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"இல்லையப்பா. எனக்கு இப்ப கலைப் பிரிவுதான் விருப்பம்."

"அதுவும் நல்லதுதான்" என்றார் அப்பா, அவளின் கையில் ஒரு கற்கண்டை வைத்து. "பொம்பிளைப் பிள்ளைக்கு அது காணும்."